வீட்டுக் கருவிப்பெட்டிக்குக் கட்டுப்படியாகும் விலையில் ராட்செட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நட்டு போல்ட்டைத் திருகும் கைக்கருவியான ராட்செட்டில் என் முதல் செட்டை வாங்கும்போது, பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருந்த ‘இத்தனை பீஸ்’ என்ற எண்ணைத்தான் பார்த்தேன். மூன்றாவது மாதம் துருப்பிடித்த ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே பல் வழுக்கியது. கை நேராகப் போய் இரும்புச் சட்டத்தில் மோதி, இரண்டு விரல் மூட்டில் தோல் உரிந்துவிட்டது. அதற்குப் பிறகு, எந்த ராட்செட் கையில் கிடைத்தாலும் திறந்து உள்ளே பார்ப்பது பழக்கமாகிவிட்டது. குறைந்த விலைக்கும் நல்ல ராட்செட் கிடைக்கும். எதைச் சோதித்து வாங்குவது என்று தெரிந்தால் போதும். என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

வீட்டில் ஸ்பேனர் செட் இருக்கிறது. ராட்செட் எதற்கு?

ஸ்பேனரை ஒவ்வொரு திருப்புக்கும் கழற்றி, மறுபடி மாட்ட வேண்டும். ராட்செட்டில் அது தேவையில்லை. அதன் தலைக்குள் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. அதன் பற்களில் சிறிய கொண்டி ஒன்று ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் கொண்டி பல்லைப் பிடித்துக்கொண்டு நட்டைச் சுழற்றும். எதிர்ப்பக்கம் திருப்பினால் பல்லின் மேல் ஏறி இறங்கி, ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு வழிவிடும். நட்டு மேலிருந்து கருவியை எடுக்காமலேயே வேலை நடக்கும்.

நட்டின் மேல் கவிழ்ந்து பிடிக்கும் குழல் போன்ற சாக்கெட்டுகளை விதவிதமான அளவில் மாற்றி மாட்டும் ராட்செட்டுக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன் 1863-ல் காப்புரிமை பெற்றார். அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான். நல்ல ராட்செட்டுக்கும் மோசமான ராட்செட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கொண்டி, பல், ஸ்பிரிங் மூன்றிலும்தான் இருக்கிறது. பளபளப்பான கைப்பிடியையும் அழகான பெட்டியையும் பார்த்து ஏமாற வேண்டாம்.

கால் இஞ்ச், 3/8 இஞ்ச், அரை இஞ்ச் என்று மூன்று இருக்கிறதே, முதலில் எதை வாங்குவது?

ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் 3/8 இஞ்ச் வாங்குங்கள்.

இந்த அளவுகள் ராட்செட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சதுர முனையின் அகலத்தைக் குறிக்கின்றன. கால் இஞ்ச் என்றால் 6.35 மி.மீ., 3/8 என்றால் ஏறக்குறைய 9.5 மி.மீ., அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. எண்ணில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் முறுக்கைத் தாங்கும் பலம் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (அகலம் × அகலம் × அகலம்) ஏறும். ஒரே எஃகில் செய்த அரை இஞ்ச் முனை, கால் இஞ்ச் முனையைப் போல 8 மடங்கு முறுக்கைத் தாங்கும். 3/8 முனை ஏறக்குறைய மூன்றரை மடங்கு தாங்கும்.

‘அப்படியானால் பெரியதையே வாங்கிவிட்டால் கவலையில்லையே’ என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. வீட்டில் நாம் கழற்றி மாட்டும் போல்ட்டுகளில் நிறைய 6 மி.மீ. மரை கொண்டவை, அதாவது 10 நம்பர் (10 மி.மீ.) சாக்கெட் போடுபவை. சாதாரண எஃகு போல்ட் என்றால் அதற்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். 25 செ.மீ. நீளமுள்ள அரை இஞ்ச் ராட்செட்டில் அந்த இறுக்கம் வர, கைப்பிடி நுனியில் 4 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால் போதும். 4 கிலோ என்பது கையை வைத்து லேசாக இழுக்கும் அளவு. கொஞ்சம் அசந்து அழுத்தினால் மரை போய்விடும், இல்லையென்றால் போல்ட் தலை கையோடு வந்துவிடும். சின்ன போல்ட்டுக்குப் பெரிய ராட்செட் ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

3/8 ராட்செட் வழக்கமாக 20 செ.மீ. நீளத்தை ஒட்டி வரும். 8 மி.மீ. முதல் 19 மி.மீ. வரை சாக்கெட்டுகள் தாராளமாகக் கிடைக்கும். மேசை நாற்காலி, சைக்கிள், பைக், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் என்று வீட்டில் வரும் வேலைகளில் பெரும்பங்கு இதற்குள் அடங்கிவிடும். கார் சக்கர நட்டைக் கழற்றும் வேலை இருந்தால் மட்டும் அரை இஞ்ச் பக்கம் போகலாம். அதையும் ராட்செட்டாக வாங்காமல் வேறு மாதிரி வாங்கலாம், கீழே சொல்கிறேன். மின்சாதனங்களின் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன திருகுகளுக்கு கால் இஞ்ச் ராட்செட் கைக்கு அடக்கமாக இருக்கும். இரண்டாவதாக ஒன்று வாங்குவதாக இருந்தால் அதுதான்.

24 பல், 72 பல், 120 பல் என்கிறார்கள். பல் கூடினால் நல்லதா?

ஓர் எல்லை வரைக்கும் நல்லது.

ஒரு சுற்று 360 டிகிரி. அதைப் பல் எண்ணிக்கையால் வகுத்தால், அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடியை எவ்வளவு பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது வந்துவிடும். 24 பல்லுக்கு 15 டிகிரி, 36 பல்லுக்கு 10, 72 பல்லுக்கு 5, 120 பல்லுக்கு 3. 20 செ.மீ. கைப்பிடி நுனியில் இதை அளந்து பார்த்தால், 36 பல் ராட்செட்டுக்கு மூன்றரை செ.மீ. இடம் வேண்டும். 72 பல்லுக்கு ஒன்றே முக்கால் செ.மீ. போதும். இன்ஜின் பக்கவாட்டிலோ, சுவரை ஒட்டிய குழாய் கிளாம்பிலோ கைவைக்கும்போது இந்த ஒன்றே முக்கால் செ.மீ. பெரிய விஷயம்.

ஆனால் பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சின்னதாகும். நல்ல தயாரிப்பாளர்கள் அகலமான கொண்டி வைத்து, ஒரே சமயத்தில் பல பற்கள் சேர்ந்து பிடிக்கும்படி செய்கிறார்கள். அதனால் பலம் குறையாது. மலிவாகச் செய்யும் இடத்தில் எண்ணிக்கையை மட்டும் ஏற்றிவிட்டு, கொண்டியையும் எஃகையும் அப்படியே விட்டுவிட வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட 120 பல் ராட்செட்டைவிட ஒழுங்காகச் செய்த 72 பல் ராட்செட் எவ்வளவோ மேல். சில தயாரிப்புகளில் 60 பல்தான் இருக்கும். இரண்டு கொண்டிகளை அரைப் பல் தள்ளி மாற்றி மாற்றிப் பிடிக்க வைத்து, 120 நிலைகள் என்று போடுவார்கள். அது ஏமாற்று இல்லை, அதுவும் ஒரு முறை. அப்போது ஒரு நேரத்தில் ஒரு கொண்டிதான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வீட்டுக்கு 72 பல் என் தேர்வு. 45, 48 பல்லில் உறுதியான ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் தயங்காமல் எடுக்கலாம்.

பல்லைத் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்?

பின்னிழுவை. பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது. ஆனால் ராட்செட் கையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

ஒரு நட்டை இரண்டு மூன்று மரை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் இறுகவில்லை, லேசாகத்தான் நிற்கிறது. ராட்செட்டை முன்னுக்குத் திருப்புகிறீர்கள், நட்டு கால் சுற்று போகிறது. கைப்பிடியைப் பின்னுக்குக் கொண்டுவருகிறீர்கள். உள்ளே கொண்டி பல்லை இறுக்கமாக உரசினால், ‘டிக்’ சத்தம் வராமல் நட்டும் கூடவே பின்னால் திரும்பிவிடும். முன்னால் கால் சுற்று, பின்னால் கால் சுற்று. நட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். கை நுழையாத சந்தில் இப்படி நடந்தால் அழுகை வந்துவிடும். அந்த நேரத்தில் சாக்கெட்டை விரலால் பிடித்துக்கொண்டு திருப்பலாம்தான். ஆனால் விரல் நுழையும் இடமாக இருந்தால் அந்த நட்டைக் கையாலேயே திருகியிருப்போமே!

பல் எண்ணிக்கை குறைந்த ராட்செட்டுகளில் கொண்டி உயரமான பல்லின் மேல் ஏற வேண்டியிருப்பதால் பின்னிழுவை கொஞ்சம் கூடுதலாக இருப்பது சகஜம். ஸ்பிரிங் தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தாலும் இப்படி ஆகும். மலிவு ராட்செட்டுகளில் மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு: உள்ளே மெழுகு மாதிரி கெட்டி கிரீஸை அப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்த மூன்றாவது காரணத்தை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

கடையில் கையில் எடுத்து எப்படிச் சோதிப்பது?

ஒரு நிமிடம் போதும். முதலில், சதுர முனையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டு கைப்பிடியை எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். விரல் பிடியில் முனை நின்று, தலை மட்டும் ‘டிக் டிக்’ என்று சுற்றினால் நல்லது. முனையும் விரலைத் தள்ளிக்கொண்டு திரும்பினால் பின்னிழுவை அதிகம். திசையை மாற்றிவிட்டு இதையே மறுபடி செய்யுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் இன்னொரு திசையில் முரடாகவும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அப்புறம் சதுர முனையைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். லொடலொட என்று ஆடினால் வேண்டாம். ஒரு சாக்கெட்டை மாட்டித் தலைகீழாகப் பிடியுங்கள். முனையின் பக்கத்தில் இருக்கும் சின்ன உருண்டை அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். சாக்கெட் தானாக விழுந்தால், ஒரு நாள் இன்ஜின் சந்துக்குள்ளும் விழும்.

திசை மாற்றும் நெம்பைத் தட்டுங்கள். ‘டக்’ என்று ஒரு முடிவான இடத்தில் போய் நிற்க வேண்டும். நடுவில் தொங்கினால், வேலையின் நடுவில் கை பட்டுத் திசை மாறிவிடும். என் விரல் மூட்டைப் பதம் பார்த்த ராட்செட்டுக்கு இந்தக் கோளாறும் இருந்தது.

கடைசியாகத் தலையின் பின்பக்கத்தைப் பாருங்கள். மூடி திருகாலோ வட்டக் கம்பி வளையத்தாலோ பூட்டியிருந்தால் திறந்து சுத்தம் செய்யலாம். ரிவெட் அடித்து மூடியிருந்தால் உள்ளே கை வைக்க வழியில்லை. இணையத்தில் வாங்குவதாக இருந்தால் படத்தில் இதையாவது தேடிப் பாருங்கள். வந்து சேர்ந்த அன்றே மற்ற சோதனைகளைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்ப அவகாசம் இருக்கும்.

‘குரோம் வனேடியம்’ என்று முத்திரை இருந்தால் நம்பலாமா?

குரோம் வனேடியம் என்பது குரோமியமும் சிறிதளவு வனேடியமும் கலந்த எஃகு. கைக்கருவிக்கு ஏற்றதுதான். ஆனால் எஃகைச் சூடாக்கிக் குளிரவைக்கும் பதப்படுத்தல் சரியில்லையென்றால் அதே எஃகு வளையவும் செய்யும், படீரென்று உடையவும் செய்யும். முத்திரை அந்தப் பக்குவத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. மேலும் அந்த முத்திரை பெரும்பாலும் கைப்பிடியைப் பற்றியது. உள்ளே இருக்கும் கொண்டி எதனால் ஆனது என்று யாரும் எழுதுவதில்லை.

அதைவிட ஜெர்மன் தரமான டின் (DIN) 3122 அல்லது சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. (ISO) 3315 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். சதுர முனை கொண்ட கைக்கருவிகளின் அளவையும் முறுக்குத் தாங்கும் சோதனையையும் வகுக்கும் தரநிலைகள் அவை. எண்ணை அச்சடித்துவிட்டால் மட்டும் தரம் வந்துவிடாது. ஆனாலும் வெறும் ‘குரோம் வனேடியம்’ என்பதைவிட அது கொஞ்சம் பொறுப்பான பேச்சு.

பூச்சையும் பாருங்கள். குரோம் பூச்சு உரிய ஆரம்பித்தால் அதன் விளிம்பு பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். விளிம்புகளில் கொப்புளமோ செதிலோ தெரிந்தால் எடுக்க வேண்டாம்.

முழு செட்டாக வாங்குவதா, தனித்தனியாக வாங்குவதா?

முதல் முறை வாங்குபவருக்குச் சின்ன செட் லாபம். ஆனால் பீஸ் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள். நூற்றுச் சொச்சம் பீஸ் என்று போட்டிருக்கும் பெட்டியைத் திறந்து எண்ணினால், பாதிக்கு மேல் ஸ்குரூடிரைவர் பிட்டுகளாகவும் ஆலன் சாவிகளாகவும் இருக்கும். சாக்கெட்டுகளை மட்டும் எண்ணுங்கள். 8-லிருந்து 19 வரை ஒரு நம்பர் கூட விடுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த நம்பர் விஷயம் முக்கியம். 8 மி.மீ. மரை கொண்ட போல்ட்டுக்கு சர்வதேசத் தரப்படி தலை 13 மி.மீ. ஜப்பானிய வண்டிகளில் அதே போல்ட் 12 மி.மீ. தலையோடு வரும். 10 மி.மீ. மரைக்கு ஜப்பானிய வண்டிகளில் 14, மற்றவற்றில் 16 அல்லது 17. ஆகவே 12-ம் வேண்டும், 13-ம் வேண்டும். ‘கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது’ என்று 12-க்குப் பதில் 13-ஐப் போட்டால் போல்ட் தலையின் முனை மழுங்கிவிடும். அதற்கப்புறம் எந்த ராட்செட்டாலும் பயனில்லை.

பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், ராட்செட்டில் மிச்சம் பிடித்து சாக்கெட்டில் போடுங்கள். ராட்செட்டை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். மழுங்கிய போல்ட்டை மாற்றுவது பெரும் பாடு. கூடவே 75 மி.மீ., 150 மி.மீ. நீளத்தில் இரண்டு எக்ஸ்டென்ஷன் (ராட்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டும் நீட்டுக் கம்பி) வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு பட்டை சாக்கெட்டா, பன்னிரண்டு பட்டையா?

பட்டை என்பது சாக்கெட்டின் உட்புறத்தில் இருக்கும் மூலைகளின் எண்ணிக்கை. ஆறு பட்டையே வாங்குங்கள். அது போல்ட் தலையின் தட்டையான பக்கங்களில் உட்கார்ந்து பிடிக்கும், முனையை மழுக்காது. பன்னிரண்டு பட்டையை 30 டிகிரிக்கு ஒருமுறை மாட்டிக்கொள்ளலாம் என்பது வசதி. ஆனால் ராட்செட்டே அந்த வசதியைத் தந்துவிடுகிறதே.

மடங்கும் தலை, நீளக் கைப்பிடி, பொத்தான் இதெல்லாம் தேவையா?

பொத்தான் தேவை. அதை அழுத்தினால்தான் எண்ணெய்க் கையோடும் சாக்கெட் சட்டென்று கழன்று வரும். அந்தப் பொத்தான் அமைப்புக்கு 1965-ல் காப்புரிமை பெற்றவர் பீட்டர் ராபர்ட்ஸ். கடை ஊழியராக இருந்த காலத்தில், இருபது வயது கூட ஆகாத நிலையில் அதைக் கண்டுபிடித்தார். ஒரு கையால் சாக்கெட் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பையனுக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்வதுண்டு.

மடங்கும் தலை சந்துபொந்துகளில் உதவும். ஆனால் அந்த மூட்டு நாளடைவில் தளரும், மலிவானதில் சீக்கிரமே தளரும். முதல் ராட்செட் மடங்காததாகவே இருக்கட்டும். கைப்பிடி வெறும் உலோகமா, ரப்பர் உறையா என்பது அவரவர் விருப்பம். பெட்ரோல், பிரேக் ஆயில் புழங்கும் இடத்தில் வெறும் உலோகத்தைத் துடைத்தால் போய்விடும், சில ரப்பர் உறைகள் பிசுபிசுத்துவிடும்.

இறுகிப்போன நட்டுக்கு ராட்செட்டில் குழாயைச் சொருகித் திருப்பலாமா?

வேண்டாம். குழாயால் கைப்பிடி நீளம் இரண்டு மடங்கானால் கொண்டியின் மேல் விழும் பாரமும் இரண்டு மடங்காகும். அந்தக் கொண்டி விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய இரும்புத் துண்டு, அவ்வளவுதான். அது விட்டுவிட்டால் உங்கள் முழு உடல் பலமும் ஒரே நொடியில் கையோடு முன்னால் பாயும். சுத்தியலால் கைப்பிடியைத் தட்டுவதும் இதே தப்புதான்.

இதற்கென்றே பிரேக்கர் பார் என்று இருக்கிறது. உள்ளே பல் கிடையாது, கொண்டி கிடையாது, நுனியில் சதுர முனை மட்டும் உள்ள நீளமான கம்பி. உடைவதற்கு அதில் அதிகம் இல்லை என்பதால் மலிவானதே நன்றாக உழைக்கும். கார் சக்கர நட்டுகள் பொதுவாக 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இறுக்கப்பட்டிருக்கும். 60 செ.மீ. பிரேக்கர் பாரில் அதற்கு 17 கிலோ எடைக்குச் சமமான விசை போதும், துருப்பிடித்திருந்தால் கூடுதலாக வேண்டும். அரை இஞ்ச் ராட்செட்டுக்குப் பதில் இதை வாங்குங்கள் என்று மேலே சொல்ல வந்தது இதைத்தான். நட்டை முதலில் இதால் அசைத்துவிட்டு, மீதியை ராட்செட்டால் சுற்றி எடுக்கலாம்.

எதைப் பயன்படுத்தினாலும் முடிந்தவரை உங்களை நோக்கி இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரலை மடக்காமல் உள்ளங்கையை விரித்துத் தள்ளுங்கள். வழுக்கினாலும் மூட்டு தப்பும்.

டார்க் ரெஞ்சிலும் ராட்செட் தலை இருக்கிறதே, அதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அது அளந்து இறுக்கும் கருவி. இறுகிய நட்டுகளைக் கழற்ற அதைப் பயன்படுத்தினால் அளவு பிசகிவிடும். பிசகியது வெளியே தெரியவும் தெரியாது.

வாங்கிய மலிவு ராட்செட் முரடாக ஓடுகிறது. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், பலமுறை செய்திருக்கிறேன். ஒரு தட்டின் மேல் வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். பின்மூடித் திருகுகளைக் கழற்றி, மூடியைத் தூக்குவதற்கு முன்னால் ராட்செட்டைக் கண்ணாடி மாதிரி தெரியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பைக்குள்ளேயே திறங்கள். உள்ளே அரிசி மணி அளவில் ஒரு ஸ்பிரிங்கும் கடுகு போல ஓர் எஃகு உருண்டையும் இருக்கக்கூடும். துள்ளி ஓடினால் தேடிக் கிடைக்காது. எதையும் எடுப்பதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொண்டி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும்.

பல்லிடுக்கில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கெட்டி கிரீஸ் அடைந்திருக்கும். கூடவே, கடைசலில் மிஞ்சிய இரும்புத் துகள்கள் மினுங்குவதையும் பார்த்திருக்கிறேன். இந்த அடைசல்தான் கொண்டியைப் பல்லின் அடிவரை இறங்கவிடாமல் நுனியிலேயே நிறுத்தி வைக்கிறது. பாரம் வந்ததும் வழுக்குவது அதனால்தான். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லையும் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். அடுப்பும் தீப்பொறியும் பக்கத்தில் வேண்டாம்.

பற்களை விரலால் தடவிப் பாருங்கள். ஏதாவது நுனி உடைந்தோ உருண்டோ இருந்தால் அந்த ராட்செட்டைப் பலம் கொடுக்கும் வேலைக்கு எடுக்காதீர்கள். எல்லாம் கூர்மையாக இருந்தால் பல்சக்கரத்துக்கு இரண்டு சொட்டு மெல்லிய மெஷின் ஆயில், கொண்டி உட்காரும் குழியில் ஒரு சொட்டு விட்டால் போதும். மறுபடி கெட்டி கிரீஸ் வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். மூடியைப் பூட்டும்போது திருகுகளை ஒரேயடியாக முறுக்காமல் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் மூடி சாய்ந்து பல்சக்கரத்தை நெரிக்கும்.

இப்போது காதருகே வைத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பு மந்தமாக ‘தொப் தொப்’ என்று கேட்ட ராட்செட், தெளிவாக ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும்.